டுப்பெலோவின் 1,200 வீடுகளிலிருந்து நாடு முழுவதும்: காம்காஸ்ட் வளர்ந்த விதம் பற்றி ஒரு கேள்வி

எடிசன்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். சென்ற மாதம் வீட்டின் வெளிப்புறத்துக்கு வண்ணம் பூசுவதற்காகப் பின்சுவரில் இருந்த சாம்பல் நிறக் கேபிள் பெட்டியைத் திறக்க நேர்ந்தது. உள்ளே கம்பியின் கழுத்தில் மூன்று சிறிய பிளாஸ்டிக் அட்டைகள் கட்டப்பட்டிருந்தன. மூன்றிலும் மூன்று நிறுவனங்களின் பெயர்கள். முதல் இரண்டும் இன்று எங்கும் கேள்விப்படாத பெயர்கள், மூன்றாவது காம்காஸ்ட். கம்பி ஒன்றேதான், உரிமையாளர்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து இந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை.

மிசிசிப்பி மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் தொடங்கிய நிறுவனம் என்ற அளவில் மட்டும் படித்திருக்கிறேன். அது எப்படி நாடளாவிய கேபிள், இணைய நிறுவனமாக ஆயிற்று? ஊர் ஊராகக் கம்பி இழுத்து வளர்ந்ததா, பிறர் இழுத்து வைத்த கம்பியை வாங்கி வளர்ந்ததா? தொலைக்காட்சிக்காகப் போட்ட கம்பியில் இணையம் எப்படி ஏறியது? எங்கள் தெருவுக்குள் இரண்டாவது கேபிள் நிறுவனம் வருவதற்குச் சட்டத்தடை ஏதும் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் ஆற அமர எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேரேடு எழுதியது:

உங்கள் பெட்டியில் தொங்கும் மூன்று அட்டைகளே கேள்விக்குப் பாதி விடை சொல்லிவிட்டன. வாங்கி வாங்கி வளர்ந்த நிறுவனம்தான் அது. தணிக்கைத் துறையில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால், நான் பணத்தின் பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கேபிள் தொழில் 1940களின் இறுதியில் மலைச்சரிவு ஊர்களில் பிறந்தது. பென்சில்வேனியாவின் மஹனாய் சிட்டி போன்ற ஊர்களில் மலை மறைத்ததால் தொலைக்காட்சி அலைகள் வீடுகளை எட்டவில்லை. தொலைக்காட்சிப் பெட்டி விற்ற கடைக்காரர்கள் மலையுச்சியில் ஆன்டெனா நட்டு, அங்கிருந்து கம்பி இழுத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். சொந்த நிகழ்ச்சி என்று எதுவும் அவர்களிடம் கிடையாது. காற்றில் வருவதைப் பிடித்துக் கம்பியில் அனுப்புவதே முழுத் தொழிலும்.

ரால்ஃப் ராபர்ட்ஸ் இந்தத் தொழிலுக்குள் வந்தது 1963இல். அதற்கு முன் பிலடெல்ஃபியாவில் ஆண்களுக்கான இடைவார், தோள்வார் விற்கும் நிறுவனத்தை நடத்தினார். வாரே தேவைப்படாத காற்சட்டைகள் சந்தைக்கு வரத் தொடங்கியதும், இனி இதற்கு எதிர்காலம் இல்லை என்று அதை விற்றுவிட்டு அடுத்த தொழிலைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது கிடைத்ததுதான் டுப்பெலோ. ஐந்து அலைவரிசைகளும் ஏறத்தாழ 1,200 சந்தாதாரர்களும் கொண்ட சிறு கேபிள் அமைப்பு, விலை 5 லட்சம் டாலர். எல்விஸ் பிரெஸ்லி பிறந்த ஊரும் அதுவே. கேபிள் தொழிலின் உள்விவரம் அறிந்த டேனியல் ஆரனும், கணக்கரான ஜூலியன் பிராட்ஸ்கியும் அவரோடு சேர்ந்தார்கள். அமெரிக்கன் கேபிள் சிஸ்டம்ஸ் என்று இருந்த பெயர் 1969இல் காம்காஸ்ட் ஆனது. 1972இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஒரு பங்கின் விலை 7 டாலர்.

இந்த மூவரில் பலரும் பேசாமல் விடுவது பிராட்ஸ்கியைத்தான். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் அச்சாணி அவர் போன்றவர்கள் கையாண்ட கணக்குமுறை. கேபிள் தொழிலில் செலவு முழுவதும் முன்கூட்டியே வந்துவிடுகிறது. கம்பமும் கம்பியும் போட்ட பிறகு, வீட்டுக்கு வீடு மாதச் சந்தா தவறாமல் வந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட நிலையான வரவைக் காட்டினால் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் தயங்காமல் கடன் கொடுக்கும். அந்தக் கடனில் பக்கத்து ஊர்க் கேபிள் அமைப்பை வாங்கலாம்; அதன் சந்தாவைக் காட்டி மேலும் கடன் வாங்கலாம். வட்டியும் தேய்மானமும் கழித்தால் பேரேட்டில் லாபமே தெரியாது, ஆகவே வரியும் அதிகம் இராது; ஆனால் கல்லாவில் பணம் ஓடிக்கொண்டிருக்கும். வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முன்னுள்ள வருமானத்தை வைத்து நிறுவனத்தை மதிப்பிடும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதில் கேபிள் தொழிலுக்கு, குறிப்பாக டென்வரில் டிசிஐ என்ற கேபிள் நிறுவனத்தை நடத்திய ஜான் மலோனுக்கு, பெரும் பங்கு உண்டு.

இதற்கு மேல் இரண்டு காற்றுகள் சாதகமாக வீசின. முதலாவது செயற்கைக்கோள். 1975இல் எச்பிஓ என்ற கட்டண அலைவரிசை நிறுவனம் மணிலாவில் நடந்த அலி, ஃபிரேசியர் குத்துச்சண்டையைச் செயற்கைக்கோள் வழியாக ஃபுளோரிடாவுக்கும் மிசிசிப்பியின் ஜாக்சனுக்கும் கொண்டுவந்து கேபிளில் காட்டியது. அதன்பின் 1979இல் இஎஸ்பிஎன், 1980இல் சிஎன்என், 1981இல் எம்டிவி என்று கேபிளுக்கே உரிய அலைவரிசைகள் பிறந்தன. ஆன்டெனாவில் நன்றாகப் படம் தெரிந்த நகரவாசியும் கேபிளுக்குப் பணம் கொடுக்க முன்வந்தது இதற்குப் பிறகுதான். இரண்டாவது, 1984ஆம் ஆண்டின் கேபிள் சட்டம். பெரும்பாலான ஊர்களில் சந்தா விலையை நகராட்சி கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அது 1986 இறுதியோடு நீக்கியது. விலையை உயர்த்தலாம் என்றால் வரவு கூடும். வரவு கூடினால் கடன் வாங்கும் தகுதியும் கூடும். காம்காஸ்ட் 1986இல் குரூப் டபிள்யூ கேபிளில் பங்கு வாங்கித் தன் சந்தாதாரர்களை இரு மடங்காக்கி ஏறத்தாழ 10 லட்சத்துக்குக் கொண்டுவந்ததும், 1988இல் ஸ்டோரர் என்ற கேபிள் நிறுவனத்தின் பாதியை எடுத்துக்கொண்டதும் தற்செயலாக நேர்ந்த காலப்பொருத்தம் அல்ல.

1992இல் நாடாளுமன்றம் மீண்டும் விலைக்கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. தொழில் தளர்ந்து, சிறு நிறுவனங்கள் விற்க வந்தன. காம்காஸ்ட் 1994இல் மக்லீன் ஹண்டரின் அமெரிக்க அமைப்புகளையும் அடுத்து ஸ்கிரிப்ஸ் கேபிளையும் வாங்கியது. 1997இல் மைக்ரோசாஃப்ட் 100 கோடி டாலர் முதலீடு செய்தது, கேபிள் கம்பிக்கு இணைய எதிர்காலம் உண்டு என்பதைச் சந்தைக்கு உணர்த்திய முதலீடு. 1999இல் மீடியாஒன் என்ற கேபிள் நிறுவனத்தை வாங்க ஒப்பந்தம் செய்தபோது தொலைபேசி நிறுவனமான ஏடி அண்டு டி அதிக விலை கேட்டுத் தட்டிச் சென்றது. ஒப்பந்தம் முறிந்ததற்கு ஈடாக காம்காஸ்டுக்கு 150 கோடி டாலர் கிடைத்தது.

அந்த ஏடி அண்டு டி, டிசிஐயையும் மீடியாஒன்னையும் 10,000 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கிக் கடனில் அமிழ்ந்தது. காம்காஸ்ட் பொறுத்திருந்து, 2001இல் அழைக்காமலே விலை கேட்டு, நவம்பர் 2002இல் அதன் கேபிள் பிரிவு முழுவதையும் எடுத்துக்கொண்டது. பங்குகளாகத் தந்த விலை ஏறத்தாழ 4,700 கோடி டாலர். அதற்கு மேல் அதன் கடனையும் ஏற்றது. சுமார் 85 லட்சமாக இருந்த சந்தாதாரர் எண்ணிக்கை ஒரே நாளில் 2 கோடியைத் தாண்டியது. நாடளாவிய நிறுவனம் என்று அதை அழைக்கத் தகுந்த நாள் அதுதான். வாங்க முயன்றதில் எல்லாம் வென்றதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: 2004இல் டிஸ்னியையே 5,400 கோடி டாலருக்குக் கேட்டுவிட்டு, இரண்டே மாதங்களில் பின்வாங்கியது.

ஓரச்சு எழுதியது:

பேரேடு ஐயா எழுதியது அருமை. ஆனால் கடனும் சட்டமும் மட்டும் இருந்து, கம்பி வேறு ஏதோ கம்பியாக இருந்திருந்தால் அந்த நிறுவனம் இன்று இருந்திருக்காது. தொழில்நுட்பப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

உங்கள் பெட்டியில் உள்ள கோஆக்சியல் கேபிளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு செம்புப் பூச்சுக் கம்பி, அதைச் சுற்றி வெண்ணிற நுரை, அதன் மேல் மெல்லிய தாளும் பின்னல் வலையும், கடைசியாகக் கறுப்பு உறை தெரியும். அந்தப் பின்னல் வலை வெளியிலுள்ள மின் இரைச்சலை உள்ளே விடாது. உள்ளிருப்பதை வெளியே கசிய விடாது. தொலைபேசிக்கு வந்த முறுக்குக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது, அதன் கொள்ளளவு குறைவு. கோஆக்சியலோ நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸைத் தாங்கக்கூடியது. பல அலைவரிசைகளைக் காட்ட வேண்டும் என்பதற்காக 1970களில் போட்ட அகலம், இருபது ஆண்டுகள் கழித்து இணையத்துக்கு வாய்த்த பெரும் பேறு. போட்டவர்கள் யாரும் அதை நினைத்துப் போடவில்லை.

அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசைக்கு ஒதுக்கும் இடம் 6 மெகாஹெர்ட்ஸ். அந்த இடத்தில் படத்துக்குப் பதிலாக டிஜிட்டல் தரவை ஏற்றினால் விநாடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட் கிடைக்கும். இதற்கான பொதுத் தரமுறைதான் டாக்சிஸ். கேபிள் நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் கேபிள்லேப்ஸ் ஆய்வகம் 1997இல் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. எந்த நிறுவனத்தின் மோடமும் எந்த ஊரின் கேபிளிலும் வேலை செய்யும் என்ற நிலை அதனால் வந்தது, மோடத்தின் விலையும் இறங்கியது.

ஆனால் பழைய அமைப்பு ஒருவழிப் பாதை. கம்பத்திற்குக் கம்பம் இருந்த ஆம்ப்ளிஃபயர்கள் வீட்டை நோக்கி மட்டுமே சிக்னலைத் தள்ளும். இணையத்துக்கு வீட்டிலிருந்தும் சிக்னல் திரும்பி வர வேண்டும். ஆகவே ஆம்ப்ளிஃபயர்களை இருவழியாக மாற்றி, சிக்னலை அனுப்பும் மையத்திலிருந்து பேட்டை வரை ஃபைபர் எனப்படும் ஒளியிழை இழுத்து, அங்கே நோடு எனப்படும் பெட்டியை வைத்து, அதிலிருந்து சில நூறு வீடுகளுக்கு மட்டும் பழைய கோஆக்சியலைப் பயன்படுத்தினார்கள். 1990களின் பின்பாதியில் நாடெங்கும் நடந்த இந்த மறுகட்டுமானம்தான் உண்மையான வேலை. வாங்கி வளர்ந்தது என்று சொல்லும்போது, வாங்கிய ஒவ்வோர் ஊரிலும் இந்தச் செலவைச் செய்ய வேண்டியிருந்தது என்பதை மறக்கக்கூடாது.

திரும்பி வரும் பாதைக்குக் கிடைத்த இடம் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரைதான். கேபிள் இணையத்தில் பதிவேற்றம் இத்தனை ஆண்டுகள் மெதுவாக இருந்ததற்குக் காரணம் அந்தக் குறுகிய இடமே. அதிலும் ஒரு தொல்லை உண்டு. நோடுக்குக் கீழுள்ள அத்தனை வீடுகளின் இரைச்சலும் ஒரே குழாயில் சேரும் சாக்கடை நீர்போல மேலே வந்து சேரும். நான் முன்பு பணியாற்றிய ஒரு கேபிள் நிறுவனத்தில் இரண்டு வாரங்களாக ஒரு பேட்டை முழுவதிலும் மாலை வேளையில் பதிவேற்றம் செத்துப்போனது. கம்பம் கம்பமாக அளந்துகொண்டே போய், கடைசியில் ஒரு வீட்டில் யாரும் பயன்படுத்தாத படுக்கையறைச் சுவரில், மூடி இல்லாமல் திறந்து கிடந்த ஒரு கனெக்டரைக் கண்டுபிடித்தோம். அதன் அருகே இருந்த பழைய மேசை விளக்கின் இரைச்சல் முழுவதும் அதன் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சிறு மூடியை மாட்டியதும் முந்நூறு வீடுகளின் இணையம் சரியாயிற்று.

காம்காஸ்ட் தொடக்கத்தில் இணையச் சேவையைத் தானாக நடத்தவில்லை. அட் ஹோம் என்ற கூட்டு நிறுவனத்தின் வழியாகக் கொடுத்தது. 2001இல் அட் ஹோம் திவாலானபோது, ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைச் சில மாதங்களில் தன் சொந்த வலையமைப்புக்கு மாற்றியது. நெருக்கடியில் செய்த அந்த மாற்றம் அந்நிறுவனத்தைத் தன் காலில் நிற்கவைத்தது என்பது என் கருத்து.

பிறகு வந்தது அனலாக் ஒளிபரப்பை நிறுத்திய காலம். ஓர் அனலாக் அலைவரிசை அடைத்துக்கொண்டிருந்த 6 மெகாஹெர்ட்ஸில் பத்து சாதாரணத் தர டிஜிட்டல் அலைவரிசைகளை அடக்கலாம். வீட்டுக்கு வீடு சிறு டிஜிட்டல் பெட்டியைக் கொடுத்து அனலாக்கை மூடியதில் மிச்சமான இடத்தைத்தான் 2006இல் வெளிவந்த டாக்சிஸ் 3.0 இணையத்துக்குத் திருப்பியது. பல 6 மெகாஹெர்ட்ஸ் இடங்களை ஒன்றாகக் கட்டி ஒரே பாதையாக்கும் முறை அது. தெருவைத் தோண்டாமலேயே வேகம் பல மடங்கானது.

ஸ்கூல்கில்கரை எழுதியது:

இருவர் எழுதியதும் எனக்குப் பயன்பட்டது, ஆனால் தெருவின் மறுபுறத்தில் நின்று சந்தா கட்டியவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் பிலடெல்ஃபியாவில் 1990களின் நடுவிலிருந்து வசிப்பவள்.

சட்டத்தடை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். முன்பு நகராட்சிகள் ஒரே நிறுவனத்துக்குத் தனியுரிமை கொடுப்பது வழக்கமாக இருந்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தடை விதித்தது. இன்று இரண்டாவது நிறுவனம் வருவதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை, கணக்குதான் நிற்கிறது. முதல் நிறுவனத்தின் கம்பி ஏற்கெனவே எல்லா வீட்டின் முன்னும் போகிறது. இரண்டாவதாக வருபவர் அதே அளவு செலவு செய்து, பாதி வீடுகளைக்கூடப் பிடிக்க முடியாமல் போகலாம் என்ற அச்சத்தோடு வர வேண்டும். கம்பத்தில் கம்பி கட்டுவதற்குக் கம்பத்தின் சொந்தக்காரருடன் உடன்பாடு வேண்டும். நகராட்சியிடம் உரிமம் வேண்டும். கேபிள் வருவாயில் 5 விழுக்காடு வரை உரிமக் கட்டணமும் கட்ட வேண்டும்.

உங்கள் பெட்டியில் மூன்று அட்டைகள் இருப்பதற்கு, வாங்குதலைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கலாம். கேபிள் நிறுவனங்கள் ஊர்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டன. ஒரு வட்டாரத்தில் சிதறிக் கிடக்கும் ஊர்களைக் கொடுத்துவிட்டு, தனக்கு வலுவான வட்டாரத்தில் மற்றவர் வைத்திருக்கும் ஊர்களைப் பெற்றுக்கொள்வது அந்த முறை. ஒரே வட்டாரம் முழுவதும் ஒரே கையில் இருந்தால் பழுதுபார்ப்பும் விளம்பரமும் மலிவாகும் என்பது உண்மைதான். ஆனால் அதன் மறுபக்கத்தை பிலடெல்ஃபியா சந்தாதாரர்கள் நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். இவ்வாறு மாற்றிக்கொண்டதன் மூலம் எங்கள் வட்டாரத்தில் காம்காஸ்டின் பங்கு 1998இல் 23.9 விழுக்காட்டிலிருந்து 2007இல் 69.5 விழுக்காட்டுக்கு உயர்ந்தது என்பது அவர்கள் வாதம். 2013இல் உச்ச நீதிமன்றம் அனைவரும் ஒரே குழுவாக வழக்கு நடத்த முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் காம்காஸ்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விலை நியாயமா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு விடை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கம்பியின் சொந்தக்காரர் அதில் ஓடுவதையும் கட்டுப்படுத்தலாமா என்ற கேள்வி 2007இல் எழுந்தது. சில வாடிக்கையாளர்கள் பயனர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரும் பிட்டொரென்ட் முறை வழியாகக் கோப்புகளை அனுப்பும்போது இணைப்பு நடுவில் அறுபடுவதைக் கவனித்தார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் யாருடைய காப்புரிமையும் இல்லாத கிங் ஜேம்ஸ் விவிலியக் கோப்பை அனுப்பிச் சோதித்தது; காம்காஸ்ட் வலையமைப்பில் அந்தப் பரிமாற்றமும் தடுக்கப்பட்டது. 2008இல் தகவல்தொடர்புத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்சிசி ஆணையம் கண்டித்து ஆணை பிறப்பித்தது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று ஆணையைத் தள்ளுபடி செய்தது. எல்லாத் தரவையும் பாகுபாடின்றி அனுப்ப வேண்டும் என்ற இணையச் சமநிலை பற்றி அமெரிக்காவில் பின்னர் நடந்த வழக்குகளின் வேர் இங்கே இருக்கிறது.

வளர்ச்சிக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டதும் எங்கள் கண்ணெதிரே நடந்தது. 2014 பிப்ரவரியில் டைம் வார்னர் கேபிளை ஏறத்தாழ 4,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக காம்காஸ்ட் அறிவித்தது. இரண்டும் ஒரே ஊரில் போட்டியிடவில்லை, ஆகவே இணைப்பால் யாருக்கும் தீங்கில்லை என்பது அவர்கள் தரப்பு. அந்த வாதமே எனக்குப் பெரிய வருத்தத்தைத் தந்தது: நாட்டின் இரு பெரிய கேபிள் நிறுவனங்கள் ஓர் ஊரில்கூட ஒன்றையொன்று எதிர்கொள்ளவில்லை என்பதை அவர்களே சான்றாக எடுத்து வைத்தார்கள். அரசுத் தரப்பின் எதிர்ப்பு வலுத்ததால் 2015 ஏப்ரலில் முயற்சி கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு டைம் வார்னர் கேபிளை சார்ட்டர் என்ற மற்றொரு கேபிள் நிறுவனம் வாங்கியது.

எடிசன்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊர்களை மாற்றிக்கொண்டார்கள் என்ற செய்தி எனக்கு முற்றிலும் புதிது. இன்னும் ஒரே ஓர் ஐயம். எங்கள் தெருவில் தொலைக்காட்சிச் சந்தாவை விட்டவர்களே அதிகம். நாங்களும் சென்ற ஆண்டு விட்டுவிட்டோம். தொலைக்காட்சிக்காகவே பிறந்த நிறுவனம் இதை எப்படித் தாங்குகிறது?

பேரேடு எழுதியது:

சுருக்கமாக எழுதுகிறேன். 2015இல் காம்காஸ்டின் இணைய வாடிக்கையாளர் எண்ணிக்கை தொலைக்காட்சி வாடிக்கையாளர் எண்ணிக்கையை முந்தியது. அதன்பின் தொலைக்காட்சியை இழப்பது கணக்கில் அவ்வளவாக வலிக்கவில்லை. ஏனெனில் தொலைக்காட்சிச் சந்தாவில் பெரும்பகுதியை அலைவரிசைகளின் உரிமையாளர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும், விளையாட்டு அலைவரிசைகளுக்கு இன்னும் அதிகம். இணையச் சந்தாவில் அப்படி யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. நிகழ்ச்சிக்குக் கொடுக்கும் பணம் தன்னிடமே திரும்பட்டும் என்றுதான் 2011இல் தொலைக்காட்சி, திரைப்பட நிறுவனமான என்பிசி யுனிவர்சலின் பெரும்பங்கையும், 2013இல் மீதி 49 விழுக்காட்டையும் 1,670 கோடி டாலருக்கு ஜெனரல் எலெக்ட்ரிக்கிடமிருந்து வாங்கியது என்பது என் புரிதல்.

ஒரு காலத்தில் 2.4 கோடிக்கு மேல் இருந்த தொலைக்காட்சிச் சந்தாதாரர்கள் 2024 இறுதியில் ஏறத்தாழ 1.25 கோடியாகக் குறைந்தார்கள். அதே வேளையில் இணையச் சந்தாதாரர்கள் 3 கோடிக்கு மேல். ஆனால் 2022க்குப் பிறகு அந்த எண்ணிக்கையும் கரையத் தொடங்கியிருக்கிறது. தொலைபேசி நிறுவனங்கள் வீடு வரை ஃபைபர் கொடுக்கின்றன. டி-மொபைல், வெரைசன் ஆகிய கைபேசி நிறுவனங்கள் கம்பியே இல்லாமல் 5ஜி வழியாக வீட்டு இணையம் தருகின்றன. தெருவுக்குள் கம்பி இழுக்கும் செலவுதான் போட்டியாளரைத் தடுத்து வைத்திருந்தது என்று தோழி எழுதினாரே, அந்தச் செலவே இல்லாத போட்டியாளர் இப்போது வந்துவிட்டார். சிஎன்பிசி, யுஎஸ்ஏ உள்ளிட்ட கேபிள் அலைவரிசைகளைத் தனி நிறுவனமாகப் பிரிக்கப்போவதாக 2024 நவம்பரில் அறிவித்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஓரச்சு எழுதியது:

எடிசன்வாசி நண்பரே, வண்ணப்பூச்சு வேலை முடிந்து பெட்டியை மூடும்போது, கழற்றிய கனெக்டரை விரலால் மட்டும் முறுக்கிவிட்டு விடாதீர்கள். 7/16 அங்குல ஸ்பானரால் மெதுவாக ஒரு சிறு திருப்பு கூடக் கொடுங்கள். தொலைக்காட்சியை விட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். கம்பியைப் பல முனைகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் காலியாகிவிட்ட முனை இருந்தால் அதற்கும் ஒரு மூடி மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் தெரு முழுவதற்கும் இரைச்சல் ஏறும்.